பாக்கி வசூலுக்கு ஏஜென்சியை வைக்கலாமா? ஓசூர், கிருஷ்ணகிரித் தொழில்காரர்கள் கேட்கும் கேள்விகள்

ஓசூர் சிப்காட்டைச் சுற்றியுள்ள சிறு பட்டறைகளுக்கும், கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம் பக்கம் சில வியாபாரிகளுக்கும் நான் கணக்கு எழுதுகிறேன். மார்ச் மாதம் கணக்கு முடிக்க உட்கார்ந்தால், ஒவ்வொருவர் லெட்ஜரிலும் நகராமல் நிற்கும் சில பெயர்கள் இருக்கும். சரக்கு போய்விட்டது, பில் போய்விட்டது, ஜிஎஸ்டியும் கைக்காசில் கட்டியாகிவிட்டது. பணம் மட்டும் வரவில்லை. "வசூல் ஏஜென்சியிடம் கொடுத்துவிடலாமா சார்?" என்ற பேச்சு அப்போதுதான் தொடங்கும். அடுத்தடுத்து வரும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருப்பதால் இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். இது தொழில் பாக்கியைப் பற்றி மட்டும்: சரக்குக்கோ வேலைக்கோ ஒரு நிறுவனம் இன்னொரு நிறுவனத்துக்குத் தர வேண்டிய பணம். வட்டிக்குக் கொடுத்த கடன் வேறு சமாச்சாரம்.

வசூல் ஏஜென்சிக்கு என்ன அதிகாரம் இருக்கிறது?

சட்டப்படி ஒரு அதிகாரமும் இல்லை. இதை முதலில் மனதில் ஏற்றிக்கொள்ள வேண்டும். உங்கள் சார்பில் கேட்கலாம், கடிதம் எழுதலாம், நேரில் போய்ப் பேசலாம், தவணை பேசி முடிக்கலாம். சொத்தை முடக்கவோ, சரக்கைத் தூக்கவோ, வங்கிக் கணக்கை நிறுத்தவோ முடியாது. அதெல்லாம் நீதிமன்றத்தின் வேலை. எதைச் செய்ய உங்களுக்கு உரிமை இருக்கிறதோ, அதை மட்டுமே அவர்கள் செய்யலாம்.

வங்கிக் கடன் வசூலிப்பவர்களுக்கு ரிசர்வ் வங்கியின் விதிகள் உண்டு. காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் போன் செய்யக் கூடாது, மிரட்டக் கூடாது என்றெல்லாம் அதில் இருக்கிறது. அவர்களுக்கென்று பயிற்சிச் சான்றிதழும் உண்டு. ஆனால் அந்த விதிகள் வங்கிகளுக்கும் நிதி நிறுவனங்களுக்கும்தான். உங்கள் பட்டறையின் பாக்கியை வசூலிக்கும் ஏஜென்சிக்கு இந்தியாவில் தனி லைசென்ஸ் சட்டம் இல்லை. அதனால் "நாங்கள் அரசு அங்கீகாரம் பெற்ற ஏஜென்சி" என்று யாராவது சொன்னால், எந்தச் சட்டத்தின் கீழ் என்று கேளுங்கள். ஜிஎஸ்டி பதிவும் கம்பெனிப் பதிவும் தொழில் நடத்துவதற்கான பதிவுகள். வசூலிக்கும் அதிகாரம் அவற்றால் வந்துவிடாது.

நாங்கள் கேட்டு வராத பணம், அவர்கள் கேட்டால் மட்டும் எப்படி வரும்?

பல நேரம் வரத்தான் செய்கிறது. நீங்கள் கேட்கும் விதம் வேறு, அவர்கள் கேட்கும் விதம் வேறு. நீங்கள் போன் செய்தால் "அடுத்த வாரம் பார்க்கலாம் அண்ணா" என்பார்கள், நீங்களும் அடுத்த ஆர்டர் போய்விடுமோ என்று சரி என்பீர்கள். ஏஜென்சிக்காரருக்கு அந்தத் தயக்கம் இல்லை. திங்கட்கிழமை தருகிறேன் என்றால் திங்கட்கிழமை அங்கே நிற்பார்.

ஓசூரில் சிஎன்சி பட்டறை வைத்திருக்கும் ஒருவருக்குப் பெங்களூர்க் கம்பெனி ஒன்று 4,80,000 ரூபாய் தர வேண்டியிருந்தது. ஏழு பில். எட்டு மாதம் இவர் பேசியதெல்லாம் பர்ச்சேஸ் மேனேஜரோடு மட்டும். ஏஜென்சியிலிருந்து போனவர் பர்ச்சேஸ் பக்கமே போகவில்லை. நேராக அக்கவுண்ட்ஸ் பிரிவுக்குப் போய், ஏழு பில்லில் எது எது உங்கள் புத்தகத்தில் ஏறியிருக்கிறது என்று கேட்டார். மூன்று பில் ஏறவே இல்லை. ஸ்டோரில் சலான் (சரக்கோடு போகும் டெலிவரிச் சீட்டு) தொலைந்துவிட்டது என்று சொன்னார்கள். எட்டு மாதமாக 'பணம் இல்லை' என்று நாங்கள் நினைத்ததில் பாதி, அவர்கள் புத்தகத்தில் கடனாகவே இல்லை! இதைக் கண்டுபிடித்ததுதான் அந்த ஏஜென்சி செய்த பெரிய வேலை. எட்டு மாதத்தில் நாங்கள் கேட்காத கேள்வி அது.

எவ்வளவு நாள் பொறுத்துக் கொடுக்கலாம்?

தவணை முடிந்து 60 நாள் தாண்டி, இரண்டு முறை எழுத்தில் கேட்டும் தெளிவான தேதி வரவில்லை என்றால் யோசிக்கத் தொடங்கலாம். இது என் கணக்கு, சட்டம் சொல்லும் எண் இல்லை. இரண்டு வருஷம் கழித்துக் கொண்டுவந்து கொடுப்பவர்கள்தான் அதிகம். அதற்குள் அங்கே மேனேஜர் மாறியிருப்பார், ஸ்டோர்க்காரர் வேலையை விட்டுப் போயிருப்பார், உங்கள் சலானில் இருக்கும் கையெழுத்து யாருடையது என்று சொல்ல ஆள் இருக்காது.

சட்டத்தில் இருக்கும் கெடு மூன்று வருஷம். 1963ஆம் வருஷ காலவரையறைச் சட்டப்படி, பணம் தர வேண்டிய நாளிலிருந்து மூன்று வருஷத்துக்குள் வழக்குப் போட வேண்டும். 2023 மார்ச் 10 அன்று தர வேண்டிய பணத்துக்கு 2026 மார்ச் 10 வரைதான். ஏஜென்சியிடம் கொடுத்துவிட்டதால் இந்தக் கடிகாரம் நிற்காது. நோட்டீஸ் அனுப்பினாலும் நிற்காது. கெடு முடிவதற்குள் அவர்கள் "இவ்வளவு பாக்கி இருக்கிறது" என்று கையெழுத்துப் போட்டு எழுதிக் கொடுத்தால், அந்தத் தேதியிலிருந்து மறுபடி மூன்று வருஷம் தொடங்கும். ஒரு பகுதிப் பணம் கட்டி, அதற்கு அவர்கள் கையெழுத்தில் எழுத்து இருந்தாலும் அப்படியே. வருஷா வருஷம் மார்ச் 31 அன்று பேலன்ஸ் கன்ஃபர்மேஷன், அதாவது இவ்வளவு பாக்கி என்று அவர்கள் கையெழுத்திட்ட கடிதம், வாங்கச் சொல்லி நான் எல்லோரையும் நச்சரிப்பது இதற்காகத்தான்.

ஏஜென்சியிடம் போகும் முன் என்னென்ன காகிதம் எடுத்து வைக்க வேண்டும்?

பர்ச்சேஸ் ஆர்டர், பில், டெலிவரி சலான், இ-வே பில் (சரக்கு வண்டிக்கான ஜிஎஸ்டி சீட்டு), லெட்ஜர், அவர்களோடு நடந்த மின்னஞ்சலும் வாட்ஸ்அப்பும். இவற்றில் எல்லோரும் கோட்டைவிடுவது சலானில்தான்.

மேலே சொன்ன ஏழு பில்லின் சலான்களை என் மேசையில் பரப்பி வைத்துப் பார்த்தோம். நான்கில் கம்பெனி முத்திரை, கையெழுத்து, தேதி, கேட் என்ட்ரி எண் எல்லாம் இருந்தது. மற்ற மூன்றில் ஊதா மையில் பாதி விழுந்த ஒரு முத்திரை. வெளிச்சத்தில் பிடித்தால்தான் கம்பெனிப் பெயரின் கடைசி இரண்டு எழுத்து தெரிந்தது. கையெழுத்து இடத்தில் ஒரு கோடு. வண்டி ஓட்டிப் போன பையன் அவசரத்தில் வாங்கி வந்தது. அவர்கள் புத்தகத்தில் ஏறாத பில்லும் அதே மூன்றுதான். இ-வே பில்லும், அதே மாதம் ஜிஎஸ்டிஆர்-1 என்ற விற்பனை ரிட்டர்னில் நாங்கள் காட்டியதும், அதை வைத்து அவர்கள் உள்ளீட்டு வரிக் கழிவு எடுத்திருந்ததும் இல்லாவிட்டால் அந்த மூன்று பில்லும் போயிருக்கும். சரக்கு வரவில்லை என்று சொல்பவர் அந்தச் சரக்குக்கு வரிக் கழிவு எப்படி எடுத்தார் என்று கேட்டதும் பேச்சு மாறியது.

எனவே முதல் வேலை, பில் வாரியாக ஒரே பக்கத்தில் கணக்கு: பில் எண், தேதி, தொகை, தவணை நாள், வந்த பணம், நின்ற பணம். ஒவ்வொரு வரிக்கும் பின்னால் சலான் நகல். அசல் காகிதத்தை ஏஜென்சியிடம் கொடுக்காதீர்கள், நகல் போதும். வாட்ஸ்அப் பேச்சை அழித்துவிடாதீர்கள். நீதிமன்றம் வரை போனால் சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63ஆம் பிரிவுச் சான்றோடு அதைச் சாட்சியமாக வைக்கலாம், போனை மாற்றும்போது தொலைத்துவிடாமல் இருந்தால்.

இன்னொன்று. பணம் தர வேண்டிய பார்ட்டி இன்னும் தொழிலில் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். ஜிஎஸ்டி தளத்தில் அவர்கள் எண்ணைப் போட்டால் பதிவு நடப்பில் இருக்கிறதா, ரிட்டர்ன் போடுகிறார்களா என்று தெரியும். கம்பெனி என்றால் கம்பெனி விவகார அமைச்சகத் தளத்தில் நிலை தெரியும். பதிவு ரத்தாகி ஆறு மாதமான இடத்துக்கு ஏஜென்சியை அனுப்பிப் பிரயோசனம் இல்லை.

கமிஷன் எப்படி? ஒப்பந்தத்தில் எதைப் பார்க்க வேண்டும்?

வந்த பணத்தில் இத்தனை சதவீதம் என்று வாங்குவதுதான் பெரும்பாலான ஏஜென்சிகளின் முறை. பாக்கி பழையதாக ஆக, தொகை சின்னதாக ஆக, சதவீதம் கூடும். கமிஷன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி தனி. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 4,80,000 ரூபாய்க்கு 15 சதவீதம் என்றால் 72,000. அதன் மேல் ஜிஎஸ்டி 12,960. மொத்தம் 84,960. உங்கள் லாபமே அவ்வளவு இருந்திருக்குமா என்பதையும் சேர்த்துப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

ஒப்பந்தத்தில் நான் வரி வரியாகப் படிக்கும் இடங்கள் உண்டு. முதலாவது, பணம் யார் கணக்குக்கு வருகிறது? உங்கள் கணக்குக்குத்தான் வர வேண்டும். ஏஜென்சி கணக்கில் வாங்கிக் கமிஷனைக் கழித்துக்கொண்டு தருகிறேன் என்றால் வேண்டாம். இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. ரொக்கமாக வாங்கும் அதிகாரமும் தரக் கூடாது.

அடுத்து, தள்ளுபடி. உங்கள் எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் குறைத்துப் பேச முடியாது என்று இருக்க வேண்டும். கமிஷனுக்காக அவசரப்பட்டு 'மூன்று லட்சம் கொடுங்கள், முடித்துக்கொள்ளலாம்' என்று சொல்லிவிட்டு வந்தால், நாளைக்கு அந்தப் பார்ட்டி அதையே பிடித்துக்கொள்வார்.

அப்புறம், நேரடியாக வந்த பணத்துக்குக் கமிஷன் உண்டா என்பது. ஏஜென்சி நோட்டீஸ் போன பிறகு பார்ட்டி உங்களுக்கே போன் செய்து பணம் போட்டுவிட்டால் அதற்கும் கமிஷன் கேட்பார்கள். அது நியாயம்தான், அவர்கள் தட்டியதால்தான் வந்தது. ஆனால் ஒப்பந்தம் முடிந்து எத்தனை நாள் வரை அந்த உரிமை என்று எழுதியிருக்க வேண்டும். முடிவே இல்லாமல் விட்டால் இரண்டு வருஷம் கழித்து நீங்களே வழக்குப் போட்டு வாங்கிய பணத்திலும் பங்கு கேட்டு வருவார்கள்.

பதிவுக் கட்டணம், பைல் கட்டணம் என்று முன்பணமாகப் பெரிய தொகை கேட்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். நீங்கள் தரும் அதிகாரக் கடிதத்தில் எந்தப் பார்ட்டி, எந்த பில்கள், எவ்வளவு தொகை, எந்தத் தேதி வரை என்பது நான்கும் இருக்கட்டும். கையெழுத்துப் போட்ட வெற்று லெட்டர்ஹெட்டை யாருக்கும் தராதீர்கள்.

"நாலு பேரை அனுப்பினால் ஒரே நாளில் வந்துவிடும்" என்கிறார்களே?

அந்தப் பக்கமே போகாதீர்கள். கடைக்கு முன்னால் ஆட்களை நிறுத்துவது, வீட்டுக்குப் போய்ப் பெண்களிடம் சத்தம் போடுவது, வண்டியை மடக்குவது எல்லாம் குற்றம். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் மிரட்டிப் பறித்தல், குற்றமுறு மிரட்டல், முறையின்றித் தடுத்தல் என்று தனித்தனிப் பிரிவுகள் உள்ளன. வழக்கு வந்தால் போனவர்கள் பெயரோடு, அனுப்பியவர் என்று உங்கள் பெயரும் சேரும். அதுவரை கடன்காரராக இருந்தவர் அன்றிலிருந்து புகார்தாரர். உங்கள் பாக்கியைப் பற்றிப் பேச அதன் பிறகு யாரும் தயாராக இருக்க மாட்டார்கள்.

கொடுக்க முடியாமல் திணறுபவரின் வீட்டு வாசலில் ஆள் நிறுத்துவது எனக்கு வேறு விதத்திலும் ஒப்பவில்லை. இன்று அவர் நிற்கும் இடத்தில், பெரிய கம்பெனி ஒன்று பணம் நிறுத்தினால் அடுத்த மாதம் நீங்கள் நிற்பீர்கள். சிறு தொழிலில் இருப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

காவல் நிலையத்தில் வைத்துப் பேசி முடிப்பதும் இதே வகைதான். பணம் தராதது மட்டுமே மோசடிக் குற்றம் ஆகாது, ஆரம்பத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்திருக்க வேண்டும். உரிமையியல் தகராறுக்குக் குற்ற வழக்கு வண்ணம் பூசக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது.

உத்யம் பதிவு இருக்கிறது. எனக்கு ஏஜென்சி தேவையா?

உத்யம் என்பது குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான (எம்எஸ்எம்இ) மத்திய அரசுப் பதிவு. நீங்கள் உற்பத்தியோ சேவையோ செய்யும் குறு, சிறு நிறுவனம் என்றால், உங்கள் கையில் ஏஜென்சியைவிடக் கனமான ஆயுதம் ஒன்று இருக்கிறது. இதை நிறையப் பேர் பயன்படுத்துவதே இல்லை. உத்யம் சான்றிதழைப் பிரேம் போட்டு ஆபீசில் மாட்டி வைத்திருப்பார்கள், பில்லில் அந்த எண் இருக்காது.

2006ஆம் வருஷ எம்எஸ்எம்இ வளர்ச்சிச் சட்டத்தின்படி, வாங்குபவர் ஒப்புக்கொண்ட தேதிக்குள் பணம் தர வேண்டும். ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் அது 45 நாளைத் தாண்டக் கூடாது. எழுத்தில் எதுவும் இல்லை என்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதா மாதம் கூட்டு வட்டியாக. வங்கி விகிதம் 5.50 என்று வைத்தால் வருஷத்துக்கு 16.50 சதவீதம். 4,80,000 ரூபாய்க்கு முதல் மாதம் 6,600, ஒரு வருஷத்தில் சுமார் 85,000. ஏஜென்சிக் கமிஷனாக மேலே போட்ட தொகையும் ஏறக்குறைய இதேதான், பாருங்கள். இந்த வட்டியை வாங்குபவர் தன் வருமான வரிக் கணக்கில் செலவாகவும் காட்ட முடியாது.

பணம் வரவில்லை என்றால் குறு, சிறு தொழில் வசதியாக்கல் கவுன்சிலில் இணையம் வழியாக மனுப் போடலாம். இதற்காகவே சமாதான் தளம் 2017இல் வந்தது. வாங்குபவர் இந்தியாவில் எங்கே இருந்தாலும், சப்ளை செய்பவர் இருக்கும் இடத்துக் கவுன்சிலுக்கே விசாரிக்கும் அதிகாரம் உண்டு. பொம்மசந்திராவிலோ பீன்யாவிலோ இருக்கும் கம்பெனிக்காக நீங்கள் கர்நாடக நீதிமன்றத்துக்கு அலைய வேண்டாம். முதலில் சமரசம், அது ஒத்துவராவிட்டால் நடுவர் தீர்ப்பு. தீர்ப்பை எதிர்த்துப் போக நினைக்கும் வாங்குபவர் தொகையில் 75 சதவீதத்தைக் கட்டிவிட்டுத்தான் போக முடியும். சட்டத்தில் 90 நாள் என்று இருக்கிறது. நடைமுறையில் அது நீளும், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மனுப் போடத் தெரியாவிட்டால் மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள். கிருஷ்ணகிரி, தருமபுரி இரண்டிலும் உண்டு.

உத்யம் பதிவைச் சப்ளைக்கு முன்பே எடுத்திருக்க வேண்டும். பாக்கி நின்ற பிறகு ஓடிப்போய்ப் பதிவு செய்தால் பழைய பில்லுக்குப் பலன் கேட்பதில் சிக்கல் வரும். 2025 ஏப்ரல் 1 முதல் வரம்பு கூடியிருக்கிறது: முதலீடு 2.5 கோடி, விற்றுமுதல் 10 கோடி வரை குறு நிறுவனம். 25 கோடி, 100 கோடி வரை சிறு நிறுவனம். நடுத்தர நிறுவனத்துக்கு இந்த 45 நாள் பாதுகாப்பு கிடையாது.

இன்னும் இரண்டு பிடி இருக்கிறது. குறு, சிறு நிறுவனத்துக்குக் கெடுவுக்குள் தராத பணத்தை, தரும் வருஷத்தில்தான் வாங்குபவர் செலவாகக் கழிக்க முடியும். 2023 நிதிச் சட்டத்தில் வந்த இந்தத் திருத்தத்தைத்தான் ஆடிட்டர்கள் '43பி (எச்)' என்கிறார்கள். மார்ச் முதல் வாரத்தில் அவர்களுடைய ஆடிட்டருக்கு நகல் போட்டு ஒரு கடிதம் அனுப்பினால், எட்டு மாதம் வராத பதில் வரும். நான் பார்த்திருக்கிறேன். அடுத்து, 45 நாள் தாண்டிய இந்த வகைப் பாக்கியைக் கம்பெனிகள் அரையாண்டுக்கு ஒருமுறை எம்எஸ்எம்இ படிவம் 1இல் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். உங்கள் பெயர் அதில் இருக்கிறதா என்று கேட்டு எழுதுங்கள்.

நான் மண்டி வைத்திருக்கிறேன். எனக்கும் இந்த 45 நாள் உண்டா?

இல்லை. 2021 முதல் வியாபாரிகளும் உத்யம் பதிவு செய்யலாம், ஆனால் அது வங்கியில் முன்னுரிமைக் கடன் வாங்க மட்டும். தாமதப் பணத்துக்கான பாதுகாப்பு அவர்களுக்குக் கிடையாது. மாங்காய் சீசனில் கூழ் ஆலைக்கு லோடு லோடாக அனுப்பிவிட்டுத் துண்டுச் சீட்டோடு நிற்பவர்களுக்கு இது வருத்தமான பதில்தான். நீங்கள் காகிதத்தை இன்னும் கெட்டியாக வைத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு லோடுக்கும் எடைச் சீட்டில் ஆலையின் முத்திரை, சீசன் முடிந்ததும் மொத்தக் கணக்குக்கு ஒரு கையெழுத்து, தவணை கேட்டால் தேதி போட்ட செக். பெரிய தொகை என்றால் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிய புரோ நோட்டு. புரோ நோட்டும் செக்கும் இருந்தால் சுருக்க முறை வழக்குப் போடலாம், சம்மன் கிடைத்து 10 நாளுக்குள் எதிர்த்தரப்பு முன்வராவிட்டால் தீர்ப்புக் கேட்கலாம். ஏஜென்சிகளில் சிலர் இந்தத் துண்டுச் சீட்டுப் பாக்கியை எடுக்கவே மாட்டார்கள்.

"சரக்கு சரியில்லை, அதனால் நிறுத்தி வைத்தோம்" என்கிறார்கள். ஏஜென்சி தீர்க்குமா?

தீர்க்காது. தகராறுள்ள பாக்கியைக் கொடுத்தால் உங்கள் காசும் அவர்கள் நேரமும் வீண். முதலில் எப்போது சொன்னார்கள் என்று பாருங்கள். எம்எஸ்எம்இ சட்டப்படி, சரக்கு போய்ச் சேர்ந்து 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் வராவிட்டால் ஏற்றுக்கொண்டதாகவே கணக்கு. பணம் கேட்ட பிறகு ஆறாம் மாதம் வரும் ரிஜெக்‌ஷன் கடிதத்துக்கு இதுதான் பதில். உண்மையிலேயே நூற்றில் பத்துப் பீஸ் சரியில்லை என்றால் அதற்கு மட்டும் கிரெடிட் நோட் (பில் தொகையைக் குறைக்கும் சீட்டு) போட்டுவிட்டு மீதியைக் கேளுங்கள். நியாயமான பத்தை ஒப்புக்கொண்டவரின் மீதித் தொண்ணூறுக்குப் பலம் கூடும்.

செக் கொடுத்தார், திரும்பிவிட்டது. இதையும் ஏஜென்சியிடம் கொடுக்கலாமா?

வேண்டாம், நேராக வக்கீலிடம் போங்கள். நாள் கணக்கு முக்கியம். வங்கி மெமோ வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ், அது கிடைத்த பின் பணம் தர 15 நாள், தராவிட்டால் அதன் பிறகு ஒரு மாதத்துக்குள் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவுப் புகார். உங்கள் கணக்கு இருக்கும் கிளை எங்கேயோ அந்த ஊர் நீதிமன்றத்திலேயே போடலாம். ஏஜென்சி "பேசிக்கொண்டிருக்கிறோம்" என்று சொல்லி இந்த 30 நாளைத் தின்றுவிட்ட கதை என்னிடமே இரண்டு இருக்கிறது.

வக்கீலும் வசூலில் சதவீதம் வாங்கலாமா?

கூடாது. வழக்கின் முடிவைப் பொறுத்துப் பங்கு பேசக் கூடாது என்று இந்திய பார் கவுன்சில் விதியே இருக்கிறது. ஏஜென்சிக்கு அந்தத் தடை இல்லை. சில ஏஜென்சிகள் "சட்டப் பிரிவு எங்களிடமே இருக்கிறது, எல்லாம் கமிஷனில் அடக்கம்" என்பார்கள். வக்காலத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்த வக்கீலை நீங்களே நேரில் பார்த்துப் பேசுங்கள்.

வழக்குக்குத் தமிழ்நாட்டில் நீதிமன்றக் கட்டணம் கேட்கும் தொகையில் 3 சதவீதம். 2017க்கு முன் 7.5 சதவீதமாக இருந்தது. 3 லட்சம் ரூபாயும் அதற்கு மேலும் உள்ள வணிகத் தகராறு என்றால், அவசரத் தடை கேட்காத வழக்குக்கு முன் சமரசத்துக்குப் போயே ஆக வேண்டும், மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு வழியாக. இதை ஒரு தடையாக நினைக்காதீர்கள். நிறையப் பாக்கி அந்த மேசையிலேயே முடிகிறது. லோக் அதாலத்தில் முடிந்தால் கட்டிய நீதிமன்றக் கட்டணம் திரும்பி வரும்.

என்சிஎல்டி-க்குப் போய்விடுவோம் என்று மிரட்டலாமா?

என்சிஎல்டி என்பது கம்பெனிகளின் திவால் வழக்கை விசாரிக்கும் தீர்ப்பாயம். திவால் சட்டத்தில் தொழில் பாக்கி வர வேண்டியவர் மனுப் போடக் குறைந்தது 1 கோடி ரூபாய் பாக்கி இருக்க வேண்டும். 2020 மார்ச்சில் 1 லட்சத்திலிருந்து இப்படி உயர்த்தினார்கள். நான்கைந்து லட்சத்துக்கு அந்தப் பெயரைச் சொல்லி நோட்டீஸ் அனுப்பும் ஏஜென்சிக்கு விஷயம் தெரியவில்லை என்று பொருள்.

கொஞ்சம் குறைத்து வாங்கி முடித்துக்கொள்ளலாமா?

பல சமயம் அதுவே நல்லது, எழுத்தில் இருந்தால். அந்த 4,80,000 எப்படி முடிந்தது என்று சொல்கிறேன். மூன்று பில்லையும் அவர்கள் புத்தகத்தில் ஏற்ற வைத்த பிறகு, ஒரு லாட்டில் வந்த ரிஜெக்‌ஷனுக்கு 20,000 கழித்து, 4,60,000 ரூபாயை மூன்று தவணையில் தருவதாக ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டார்கள். ஒரு தவணை தவறினால் முழுத் தொகையும் வட்டியோடு உடனே தர வேண்டும் என்ற வரியை ஏஜென்சிக்காரர்தான் சேர்க்கச் சொன்னார். மூன்று செக்கும் அன்றே வாங்கினோம். இரண்டாவது செக்கைப் போட வேண்டிய நாளில் 'ஒரு வாரம் பொறுங்கள்' என்று போன் வந்தது. ஒப்பந்தத்தைப் படித்துக் காட்டியதும் மறுநாள் ஆர்டிஜிஎஸ் வந்துவிட்டது.

கடைசியில் வரவே வராது என்று தெரிந்தால்?

புத்தகத்தில் வராக்கடனாகத் தள்ளிவிடுங்கள். விற்பனையாக வருமானத்தில் காட்டிய தொகை என்பதால் அந்த வருஷ வருமான வரியில் கழிவு கிடைக்கும், வசூலாகாது என்று நிரூபிக்கத் தேவையில்லை, தள்ளி எழுதினாலே போதும். பிறகு எப்போதாவது வந்தால் அந்த வருஷத்தில் வருமானமாகக் காட்ட வேண்டும். நீங்கள் கட்டிய ஜிஎஸ்டி மட்டும் திரும்பாது, பணம் வராததற்காகக் கிரெடிட் நோட் போட்டு வரியைக் குறைக்க முடியாது. ஆனால் 180 நாளுக்குள் உங்களுக்குப் பணம் தராத வாங்குபவர், எடுத்த உள்ளீட்டு வரியை வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும். 170ஆம் நாள் இதை நினைவூட்டி ஒரு மின்னஞ்சல் போடுங்கள். தள்ளி எழுதும் பேச்சுக்கு அதன் பிறகு வரலாம்.